பொருள் எண் நான்கு: அப்பாத்துரையின் வால்வு

பாளையங்கோட்டை அப்பாத்துரையின் தலை ஆட ஆரம்பித்ததை முதலில் கவனித்தவர் அவருடைய சபைப் போதகர். கவனித்ததோடு நில்லாமல் சந்தோஷமும் பட்டார். ஞாயிறு ஆராதனையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஒரு மனிதர் பிரசங்கத்தின் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினால் எந்தப் போதகருக்குத்தான் பிடிக்காது? அன்றைய பிரசங்கம் வழக்கத்தைவிட இருபது நிமிஷம் நீண்டது. மற்ற சபையார் அப்பாத்துரையைப் பார்த்த பார்வையில் கிறிஸ்தவ அன்பு அவ்வளவாக இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சாரம்மாள் கேட்டாள். "எதுக்குங்க இப்பிடிப் பூம்பூம் மாடு கணக்கா தலையாட்டுதிய?"

"நான் எங்க ஆட்டுதேன்?" என்றார் அப்பாத்துரை, ஆட்டிக்கொண்டே.

பெரிய ஆட்டம் ஒன்றும் இல்லை. ஒரு நூல் அளவு முன்னால் போகும், ஒரு நூல் அளவு பின்னால் வரும். நாடி ஒரு தடவை துடித்தால் தலை ஒரு தடவை ஆடும். ஆனால் அந்த ஒரு நூல் அளவு தலையாட்டலை நம்பி ஊரில் காரியங்கள் நடக்க ஆரம்பித்துவிட்டன. களக்காட்டிலிருந்து வாழைத்தார் கொண்டுவந்து விற்கிறவர் "அண்ணாச்சி, முழுத்தாரா எடுத்துக்கிடுதியளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். இரண்டே பேர் இருக்கிற வீட்டில் ஒரு வாரம் முழுக்க ஏத்தம்பழம்தான்.

அப்பாத்துரைக்கு அறுபத்தாறு வயது. மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவருடைய முக்கியமான வேலை கூட்டக் குறிப்பு எழுதுவது. நிர்வாகக் குழு, கட்டடக் குழு, நூற்றாண்டு விழாக் குழு, நூற்றாண்டு விழா ஏன் நடக்கவில்லை என்று விசாரிக்கும் குழு, எல்லாவற்றுக்கும் அவர்தான் எழுதினார். வாய் திறக்காமல் இருந்தவர்களையும் தூங்கி விழுந்தவர்களையும் சேர்த்து எண்ணி "ஏகமனதாக நிறைவேறியது" என்று முத்து முத்தாக எழுதுவார். யாரும் எதிர்த்ததில்லை. ஏனென்றால் யாரும் படித்ததில்லை.

தலை ஆடியதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. ஆற்றுப்பாலத்தில்தான் பயம் வந்தது. தினமும் சாயங்காலம் வண்ணார்பேட்டையிலிருந்து பாலத்தில் ஏறி ஜங்ஷன் வரை நடந்துவிட்டுத் திரும்புவார். இப்போது பாதிப் பாலத்தில் மூச்சு முட்டியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் பார்க்கிறவர் மாதிரி பாவனை செய்து நின்றார். படுத்தால் இதயம் காதுக்குள் மத்தளம் அடித்தது. மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினார்.

குடும்ப டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, மதகை உவமையாக வைத்து விளக்கினார். "அண்ணாச்சி, இதயத்துல இருந்து ரத்தம் வெளிய போற எடத்துல ஒரு மதகு இருக்கு. அது சரியா அடைக்க மாட்டேங்கு. வெளிய போன ரத்தத்துல ஒரு பங்கு திரும்ப உள்ள வந்துருது. அந்த வேகத்துலதான் உங்க தலை ஆடுது. மதகு கசிஞ்சா குளம் பெருகும்லா? அதே மாதிரி இதயம் பெருத்துக்கிட்டே வரும். சுருங்கி நிக்கும்போது ஐம்பது மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். அதைத் தாண்டிட்டா, பெறவு புது வால்வு வச்சாலும் இதயம் பழையபடி வராமப் போயிரலாம். நெஞ்சாலயத்துக்குப் போங்க. தாமதம் பண்ணாதிய."

நெஞ்சாலயம் என்பது தச்சநல்லூருக்கு அப்பால் பைபாஸ் ஓரத்தில் ஏழு மாடிக்கு நிற்கும் இதய மருத்துவமனை. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் இதயம் சிவப்பு விளக்கோடு துடித்துக்கொண்டிருக்கும். உள்ளே போனால் இரண்டு வழி. கிழக்கே போனால் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றுகிற கத்திப் பிரிவு. மேற்கே போனால் தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு வால்வு வைக்கிற குழாய்ப் பிரிவு. கிழக்கு லிப்ட் மேற்கு மாடியில் நிற்காது. கிழக்குக் கேன்டீனில் இட்லி, மேற்குக் கேன்டீனில் ஓட்ஸ் கஞ்சி. இரண்டு பிரிவுக்கும் பொதுவாக ஒரே ஒரு இடம் உண்டு, ஸ்கேன் அறை. அது நடுவில் இருந்ததால் யாரும் அதைத் தன்னுடையது என்று நினைக்கவில்லை.

ஸ்கேன் எடுத்தவள் சங்கரி என்கிற பெண். பேச்சு குறைவு, கண்ணாடி பெரிது. "நாப்பத்தாறு மில்லிமீட்டர் இருக்கு சார். இன்னும் நேரம் இருக்கு" என்றாள். மூன்று பக்கத்துக்கு அறிக்கை தட்டிக் கொடுத்தாள். "மூணாம் பக்கம் கடைசி வரியை டாக்டர்மாருட்ட மறக்காமக் காட்டுங்க."

அப்பாத்துரை காட்டினார். அதாவது, காட்ட முயற்சி செய்தார்.

கத்திப் பிரிவின் தலைவர் டாக்டர் காந்திமதிநாதன் ஆறடி உயரம். இப்போதுதான் கழுவிவிட்டு வந்தவர் போல இரண்டு கைகளையும் எப்போதும் மார்பளவில் தூக்கியே வைத்திருப்பார். கதவைத் திறப்பதற்கும் தோளைத்தான் கொடுப்பார்.

"அண்ணாச்சி, வீட்டுக் கதவு கெட்டுப்போச்சுன்னா ஆசாரி என்ன செய்வான்? உள்ள வந்து பழசைக் கழத்திட்டுப் புதுசை மாட்டுவான். மேற்க உள்ளவங்க என்ன செய்யுதாங்க தெரியுமா? பழசைக் கழத்தவே மாட்டாங்க. புதுக் கதவைக் குடை மாதிரி மடக்கி, சாக்கடை வழியா உள்ள அனுப்பி, பழைய கதவு மேலயே விரிப்பாங்க. நான் மூவாயிரத்து நூறு நெஞ்சைத் திறந்திருக்கேன். நெஞ்சைத் திறந்து பாத்தாத்தான் மனுசன் தெரியும். திறக்காம எனக்கு எம் பொண்டாட்டியவே சரியாத் தெரியாது. என்ன சொல்லுதிய, திறந்துரலாமா?"

அப்பாத்துரை யோசித்தார். யோசிக்கும்போதும் தலை ஆடியது. "டாக்டர், மூணாம் பக்கத்துல…" என்று அவர் தொடங்குவதற்குள் உதவியாளர் சிவப்பு முத்திரையை அடித்துவிட்டார். கீழே எழுதினார்: நோயாளி விளக்கம் கேட்டு முழுமனதுடன் சம்மதித்தார், தலையசைப்பு மூலம்.

அடுத்தவர் குழாய்ப் பிரிவின் தலைவர் டாக்டர் ஹெப்ரான். காலில் ஓட்டக்காரர் ஷூ, பேச்சில் அவசரம்.

"ஐயா, தொடையில ஒரு பொட்டுத் துளை. அவ்வளவுதான். சாயங்காலம் காப்பி, மூணாம் நாள் வீடு. கிழக்க என்ன செய்வாங்க? நெஞ்செலும்பை ரம்பம் வச்சு அறுப்பாங்க. இதயத்தை நிறுத்திப் போட்டுட்டு மெஷினை ஓட்டுவாங்க. ஒரு மனுசன் இதயத்தை நிறுத்தறதுக்கு இவங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தா? எங்கிட்ட வந்தவங்க யாருக்கும் தழும்பே கிடையாது. செத்தவங்களுக்குக்கூடக் கிடையாது. குழாயே வச்சுருவோமா?"

"மூணாம் பக்கத்தை ஒருக்கப் பாத்துட்டு…"

"நான் எப்பவும் முதல் பக்கத்துலயே முடிவெடுத்துருவேன் ஐயா. அதுதான் என் பலம்."

தலை ஆடியது. நீல முத்திரை விழுந்தது.

ஒரே ஆள் இரண்டு சிகிச்சைக்கும் முழுமனதுடன் சம்மதித்திருப்பது கம்ப்யூட்டரில் தெரிந்ததும் சுந்தர் ஓடி வந்தார். அவருக்கு நோயாளர் அனுபவ மேலாளர் என்று பதவி. கழுத்துப்பட்டை கட்டியவர், எந்நேரமும் சிரித்த முகம். "எங்க வரலாற்றிலேயே உங்களை மாதிரி ஒத்துழைக்கிற நோயாளியைப் பார்த்ததில்லை சார். உங்க விஷயம் நேரா இதயக் குழுவுக்குப் போகுது. ரெண்டு பிரிவும் ஒரே மேசையில உட்கார்ந்து முடிவெடுக்கும். இது உலகத் தரம்."

குழு என்ற சொல்லைக் கேட்டதும் அப்பாத்துரை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். உலகத்தில் வேறு யாரையும்விட அவருக்குக் குழுக்களைத் தெரியும்.

முதல் கூட்டம் நடக்கவில்லை. மேசைக்குத் தலைமாட்டில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்காரப் போவது யார் என்று தெரியும் வரை இரண்டு தலைவர்களும் வாசலுக்கு வெளியே நின்றார்கள். நேரம் முடிந்ததும் கலைந்தார்கள். அடுத்த மாதம் வட்ட மேசை வாங்கிப் போட்டார்கள். கூட்டம் நடந்தது. நோயாளியை மையமாகக் கொண்ட மருத்துவமனை என்று வாசலில் எழுதியிருந்தபடியால் அப்பாத்துரையை இரண்டு பிரிவுக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள். சாரம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் காந்திமதிநாதன் ஆராய்ச்சித் தாள்களை விரித்து, கத்தியில் பிழைத்தவர்களின் கணக்கைச் சொன்னார். டாக்டர் ஹெப்ரான் வேறு தாள்களை விரித்து, குழாயில் பிழைத்தவர்களின் கணக்கைச் சொன்னார். அப்பாத்துரைக்கு விளங்கிய மட்டில், முதல் கணக்கில் இருந்தவர்கள் எல்லோரும் கத்தியைத் தாங்கக்கூடிய திடகாத்திரர்கள். இரண்டாவது கணக்கில் இருந்தவர்கள், கத்தி தாங்காது என்று திருப்பி அனுப்பப்பட்ட வயோதிகர்கள். இந்த இரண்டு கூட்டத்தாரையும் அருகருகே நிறுத்தி, யார் அதிக நாள் இருந்தார்கள் என்று இரண்டு பேரும் ஆவேசமாக வாதாடினார்கள். நடுவில் எங்கேயாவது அறுபத்தாறு வயதில், சர்க்கரை இல்லாமல், பாலத்தில் மட்டும் மூச்சு வாங்கும் ஒரு குமாஸ்தா இருக்கிறாரா என்று அப்பாத்துரை தேடிப் பார்த்தார். இல்லை.

பாதிக் கூட்டத்தில்தான் யாரும் குறிப்பு எழுதவில்லை என்று சுந்தருக்கு ஞாபகம் வந்தது. "சார், நீங்க இந்த வேலையிலதான இருந்தீங்க?" என்று ஒரு பெரிய பேரேட்டையும் பேனாவையும் நீட்டினார். அப்பாத்துரை வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். தலை முந்திக்கொண்டது.

எழுதத் தொடங்கியதும் கை தன்னால் ஓடியது. *பொருள் எண் 4: திரு. அப்பாத்துரை, வயது 66, கசியும் வால்வு. உறுப்பினர்கள் பொருளை விரிவாக விவாதித்தனர். மேலும் விவாதிக்க வேண்டியிருப்பதால் பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஏகமனதாக ஒத்திவைக்கப்பட்டது.* எழுதி முடித்து, கடைசியில் ஒரு புள்ளி வைத்து, தலையைச் சற்றுத் தள்ளி வைத்து ரசித்தார். நல்ல வாக்கியம். ஒரு சொல் கூடுதல் இல்லை. மை காய்வதற்குள்தான் ஒத்திவைக்கப்பட்டது தன்னுடைய நெஞ்சு என்று உறைத்தது.

முப்பத்தோரு வருஷமாக அவர் ஒத்திவைத்த பொருள்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒழுகும் கூரை, கழிவறை இல்லாத பெண்கள் விடுதி, ஒரு வாத்தியாரின் விதவைக்குப் பென்ஷன். அந்தப் பொருள்களுக்கும் இப்படித்தான் மூச்சு முட்டியிருக்கும் என்று முதல் தடவையாக நினைத்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு சங்கரி மறுபடி அளந்தாள். நாற்பத்தெட்டு.

மூன்றாவது கூட்டத்துக்குப் பதிலாக ஆண்டு விழா வந்தது. சுந்தர் வீட்டுக்கே வந்து அழைப்பிதழ் கொடுத்தார். "முடிவுக்கு வராத விஷயத்துக்கெல்லாம் தமிழன் கண்டுபிடிச்ச வழி பட்டிமன்றம் சார். நம்ம ஆண்டு விழாவில உங்க வால்வுதான் தலைப்பு. பொதுமக்களுக்கு விழிப்புணர்வு, உங்களுக்குத் தீர்ப்பு." அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: *கசியும் வால்வுக்குக் கைகொடுப்பது கத்தியா? குழாயா?* அதற்கு அடியில், *இன்னிசை உண்டு. மதிய விருந்து உண்டு.*

"தீர்ப்பு எங்களுக்கு உண்டா இல்லியா?" என்று கேட்டாள் சாரம்மாள்.

"கண்டிப்பா உண்டும்மா" என்றார் சுந்தர்.

காலை பத்து மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் இடப்பக்கம் கத்தி அணி, வலப்பக்கம் குழாய் அணி, நடுவில் நடுவர். அவர் ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர், நகைச்சுவைக் கொண்டல் என்று பட்டம் வாங்கியவர். அவருக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி, மாலை போட்ட நாற்காலியில் அப்பாத்துரை.

"அறுத்துக் கட்டுவதே அறம்" என்று முழங்கினார் டாக்டர் காந்திமதிநாதன். "ரத்தம் சிந்தாமல் எந்த நாடு விடுதலை பெற்றது? நோயாளி ஒரு மாதம் வலியில் கிடப்பான் என்கிறார்கள். கிடக்கட்டுமே. வலி போகும், வால்வு நிற்கும். என் தையலைப் பிரிக்க எமனால்கூட முடியாது. பிரேதப் பரிசோதனை செய்தவர்களே பாராட்டியிருக்கிறார்கள்."

கைதட்டல். நடுவர் அப்பாத்துரையைக் காட்டினார். "பாருங்கள், பாருங்கள். நோயாளியே தலையாட்டுகிறார்."

டாக்டர் ஹெப்ரான் எழுந்தார். "தழும்பில்லாத தமிழகம் என் கனவு. எங்கள் வால்வு சில சமயம் வைத்த இடத்திலிருந்து நழுவுகிறது என்கிறார் நண்பர். வளர்ச்சி என்றால் நகரத்தான் செய்யும். பக்கவாட்டில் கொஞ்சம் கசிகிறது என்கிறார். முன்பு நடுவில் கசிந்தது, இப்போது ஓரத்தில் கசிகிறது. இது முன்னேற்றம் இல்லையா?"

அதற்கும் கைதட்டல். "இதற்கும் தலையாட்டுகிறாரய்யா" என்றார் நடுவர். அரங்கம் குலுங்கியது. முன் வரிசையில் யாரோ அப்பாத்துரையின் தலையை செல்போனில் படம் பிடித்தார்கள். அவர் இரண்டு கைகளாலும் மோவாயைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். கைகளும் சேர்ந்து ஆடின.

பன்னிரண்டரைக்கு நடுவர் தீர்ப்பு சொல்ல எழுந்தார். சாரம்மாள் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நடுவர் நாலு மாமியார் துணுக்கு சொன்னார், ஒரு பழைய பாட்டை இழுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கத்தி தந்தை என்றால் குழாய் தாய். தந்தை கண்டிப்பார், தாய் தடவிக்கொடுப்பார். எந்தப் பிள்ளையாவது இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்குமா? வால்வு இருப்பது எதில்? இதயத்தில். ஆகவே கத்தியைவிட, குழாயைவிட, கசியும் வால்வுக்குப் பெரிதும் கைகொடுப்பது அன்பு நிறைந்த இதயமே, இதயமே, இதயமே என்று தீர்ப்புக் கூறி விடைபெறுகிறேன்."

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. அப்பாத்துரைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையிலிருந்து இறங்க ஐந்து படிதான் இருந்தது. மூன்றாம் படியில் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பொன்னாடையோடு உட்கார்ந்துவிட்டார். கூட்டம் பந்திக்கு விரைந்துகொண்டிருந்ததால் அதை இரண்டு பேர்தான் பார்த்தார்கள், சாரம்மாளும் சங்கரியும்.

சங்கரி அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து நேரே ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். திரையைப் பார்த்தாள். "நாப்பத்தொம்பது."

குடும்ப டாக்டர் சொன்ன ஐம்பது சாரம்மாளுக்கு ஞாபகம் வந்தது. முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்த மனிதரை ஒரு மில்லிமீட்டர் தூரத்தில் பார்த்தாள். "மூணாம் பக்கம்னு சொல்லிக்கிட்டே இருந்தியே மக்களே, அதுல என்னதான் எழுதியிருக்க?"

சங்கரி சுருக்கமாகச் சொன்னாள். "குழாய் வழியா வைக்க வால்வுக்குப் பிடிமானம் வேணும்மா. வயசாகிச் சுருங்கிப்போன வால்வுல சுண்ணாம்பு படிஞ்சு கெட்டியா இருக்கும், அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். சாருக்குச் சுருங்கல, கசியத்தான் செய்யுது. சுண்ணாம்பு ஒரு பொட்டுகூட இல்ல, ஒட்டுற எடம் வேற விரிஞ்சு கெடக்கு. அதைத்தான் எழுதுனேன். எதை வைக்கணும்னு சொல்லுதது என் வேலை இல்ல. ஆனா படிச்சா டாக்டர்மாருக்குத் தெரிஞ்சிரும்."

சாரம்மாள் அந்த மூன்றாம் பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு பந்திக்குப் போனாள். சக்கர நாற்காலியில் அப்பாத்துரையைத் தள்ளிக்கொண்டு சங்கரியும் பின்னால் வந்தாள்.

மேடையில் மோதிக்கொண்ட இரண்டு பேருக்கும் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. சொதிக் குழம்பை ஊற்றிக்கொண்டு, ஒருவர் இஞ்சிப் பச்சடியை மற்றவர் இலைக்குத் தள்ளிக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாரம்மாள் தாளை இரண்டு இலைக்கும் நடுவில் வைத்தாள்.

"தம்பி ஹெப்ரான், இதை ஒருக்க வாசிங்க. வாசிச்சுட்டு, இது உங்க அப்பா நெஞ்சா இருந்தா என்ன செய்வியன்னு சொல்லுங்க."

ஹெப்ரான் வாசித்தார். அப்பளத்தைக் கீழே வைத்தார். மேடைக் குரல் போய், சொந்தக் குரல் வந்தது. "எங்க அப்பான்னா, பேசிக்கிட்டு நிக்க மாட்டேன் அக்கா. அன்னைக்கே கூட்டிட்டுப் போயி இவர் கையில ஒப்படைச்சிருப்பேன். இதுல குழாய் வால்வு நிக்கும்னு உறுதி சொல்ல முடியாது. கசியுறதுக்குன்னே தனியா செஞ்ச வால்வு வந்திருக்குங்காங்க, அதுவும் கத்தி தாங்காதவங்களுக்குத்தான் முதல்ல. ஐயா உடம்பு கத்தியைத் தாங்கும்."

"நீங்க என்ன சொல்லுதிய?" என்று மற்றவரைக் கேட்டாள்.

காந்திமதிநாதன் முதல் தடவையாகக் கையைக் கீழே இறக்கியிருந்தார், சாப்பாட்டுக்காக. "இவர் சொன்னதுதாம்மா சரி. எங்க அம்மைக்கு எண்பத்தி நாலு வயசு. வால்வு சுண்ணாம்பாச் சுருங்கிப்போச்சு, கிட்னியும் சரியில்ல. போன வருஷம் ஹெப்ரான்தான் குழாய் வழியா வச்சுவிட்டாரு. இப்பம் நல்லா நடமாடுதாவ."

"அப்பம் இவ்வளவு நாளும் ஏன் இதைச் சொல்லல?"

இரண்டு பேரும் இலையைப் பார்த்தார்கள். ஹெப்ரான்தான் சொன்னார். "கூட்டத்துல நான் ஹெப்ரான் இல்லக்கா. பிரிவுத் தலைவர். அங்கன வச்சு ஒத்துக்கிட்டா என் பிரிவு தோத்ததா ஆயிரும்."

"கவலைப்படாதிய" என்றார் காந்திமதிநாதன். "அடுத்த மாசக் கூட்டத்துல பைய இந்தப் பக்கமாக் கொண்டுவந்துரலாம்."

சக்கர நாற்காலியில் அப்பாத்துரையின் தலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும், குழுவின் பேரேடு இன்னும் தன் அலமாரியில்தான் இருக்கிறது என்று அவருக்கு ஞாபகம் வந்தது. போன கூட்டத்தில் எழுதியவர் கையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எந்தக் குழுவும் அப்படித்தான் செய்யும்.

"சாரம்மா, வந்து என் தலையைப் பிடி" என்றார்.

அவள் பின்னால் நின்று இரண்டு கைகளாலும் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு துடிப்பும் அவள் கைக்கு வந்தது. அவர் எழுதினார். *சிறப்புக் கூட்டம். இடம்: உணவுக்கூடம். வந்திருந்தோர்: இரு பிரிவுத் தலைவர்கள், செல்வி சங்கரி, திருமதி சாரம்மாள் (சிறப்பு அழைப்பு), நோயாளி.* முதல் பக்கம் முழுக்க ஆண்டு விழா வெற்றிக்கு நன்றி. இரண்டாம் பக்கம் முழுக்க வட்ட மேசை வாங்கியதற்குப் பாராட்டு. மூன்றாம் பக்கம் கடைசியில்: *நோயாளிக்கு நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றுவதென டாக்டர் ஹெப்ரான் முன்மொழிய, டாக்டர் காந்திமதிநாதன் வழிமொழிய, வரும் வியாழன் காலை ஏழு மணிக்கு அறுவை எனத் தீர்மானிக்கப்பட்டது.*

"பொய் எழுதுதியளா?" என்றாள் சாரம்மாள்.

"நாளும் மணியும் நான் போட்டது. மத்தபடி முப்பத்தோரு வருஷத்துல இன்னைக்குத்தான் அவங்க வாயால சொன்னதை எழுதியிருக்கேன்" என்றார்.

மறுநாள் காலையில் சுந்தர் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடிக்கும் போனார். காந்திமதிநாதன் தூக்கிய கையோடு ஒரு கிறுக்கு கிறுக்கினார். ஹெப்ரான் முதல் பக்கத்தைப் பார்த்து, "நல்லா எழுதியிருக்காரு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். குழுவின் தீர்மானம் கம்ப்யூட்டரில் ஏறியது. ஏறிய பிறகு அதை நிறுத்த வேண்டுமானால் இன்னொரு குழு கூட வேண்டும். அதற்கு யாரும் தயாராக இல்லை. பரிசோதனைகள் தாமாக நடந்தன, ரத்தம் தானாக வந்தது.

புதன்கிழமை ஒரு சின்ன டாக்டர் சம்மதக் கையெழுத்து வாங்க வந்து, "சரிதானே ஐயா?" என்று தலையைப் பார்த்தார்.

"தம்பி, தலையைப் பாக்காதிய. அது சொல்லுததை நம்பாதிய" என்றார் அப்பாத்துரை. "வாயைப் பாருங்க. நான் சொல்லுதேன். சம்மதம்."

வியாழக்கிழமை நாலரை மணி நேரம் சாரம்மாள் வாசலில் துடிக்கிற பிளாஸ்டிக் இதயத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே தன் ஆளுடைய இதயத்தை நிறுத்திப் போட்டிருக்கிறார்கள், இது மட்டும் கரண்டில் துடிக்கிறதே என்று அதன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஜெபமாலை உருட்டுகிற வழக்கம் அவள் சபையில் இல்லை. அந்த மூன்றாம் பக்கத்தைத்தான் மடித்து மடித்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ஹெப்ரான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "எல்லாரும் எனக்குக் கை குடுக்காங்க அக்கா, கட்சி பாக்காம முன்மொழிஞ்சேனாம்" என்றார் குழப்பமாக. "எப்பம் முன்மொழிஞ்சேன்?"

"அப்பளம் திங்கும்போது" என்றாள் அவள்.

மறுநாள் உள்ளே விட்டார்கள். அப்பாத்துரை ஒற்றைத் தலையணையில் மல்லாக்கப் படுத்திருந்தார். தலை அசையவில்லை. ஒரு நூல் அளவுகூட அசையவில்லை. போய்விட்டார் என்றே சாரம்மாள் நினைத்துவிட்டாள். கிட்டே போய்க் கன்னத்தைத் தொட்டாள். கண்ணைத் திறந்து, "தூங்கிட்டேன்" என்றார். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

எட்டாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது சுந்தர் கேமராக்காரரோடு வந்தார். நெஞ்சாலயத்தின் முன்மாதிரி நோயாளி பேசுகிறார் என்று படம் எடுத்து எல்லா மாடியிலும் ஓடவிடப் போகிறார்களாம். "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் சார். நான் கேட்கிறேன், நீங்க வழக்கம்போலத் தலையாட்டினாப் போதும்."

விளக்கு எரிந்தது. சுந்தர் சிரித்தார். "எங்கள் இதயக் குழு உரிய நேரத்தில், ஒருமனதாக, நோயாளியை மையமாக வைத்து முடிவெடுத்தது. உண்மைதானே சார்?"

அப்பாத்துரை அவரைப் பார்த்தபடி இருந்தார். தலை சுவரில் மாட்டிய படம் மாதிரி நின்றது. கேமராக்காரர் தன் மெஷினில்தான் ஏதோ கோளாறு என்று ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் ஆட்டுங்க. முன்னாடி எல்லாம் எது கேட்டாலும் உடனே ஆட்டுவீங்களே?"

"அது வால்வு ஆட்டுனது தம்பி" என்றார் அப்பாத்துரை. "இனி ஆடணும்னா நான்லா ஆட்டணும்."

சாரம்மாள் பையை எடுத்துக்கொண்டு, "ஆட்டோ நிக்கி. போவமா?" என்று கேட்டாள்.

அவர் தலையாட்டினார்.